பயணத்தில் இருக்கும்வரைதான் வெப்பம்

தேர்வுத்தாள் திருத்துவதில் மர்ஜானாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு மாணவரின் தாளை எடுத்தோம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை திருத்தினோம், கீழே வைத்தோம் என்று அவள் வேலை செய்யமாட்டாள். எல்லாத் தாள்களிலும் ஒரே கேள்வியின் ‘அ’ பிரிவை மட்டும் பார்த்து முடிப்பாள். பிறகு மறுபடியும் முதல் தாளுக்கு வந்து ‘ஆ’ பிரிவைத் தொடங்குவாள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் நல்ல பதில் ஒன்றைப் படித்த கண், அதே பிள்ளையின் அடுத்த பதிலையும் நல்லதாகவே பார்க்கும். கோணல் கையெழுத்தைப் பார்த்து அலுத்த கண், அடுத்ததிலும் குறை தேடும். அந்த ஓரவஞ்சனை தன் பேனாவில் ஏறக்கூடாது என்பது அவள் கணக்கு.

அன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு முன் பள்ளியே நடத்தும் ஐந்தாம் படிவ டிரையல் தேர்வின் பதினோராம் கேள்வி, ‘அ’ பிரிவைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளே தயாரித்த கேள்வி. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் இடைநிலைப்பள்ளி ஒன்றில் இயற்பியல் பாடத்துக்கு அவள்தான் பொறுப்பு.

‘சூடான உலோகக் கட்டியில் நிறைய வெப்பம் இருக்கிறது என்று ஒரு மாணவன் சொல்கிறான். சரியா? விளக்குக.’

சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்காக மர்ஜானா பல வருடங்களாகச் சண்டை போட்டிருக்கிறாள். கட்டிக்குள் இருப்பது அணுக்களின் ஓயாத ஆட்டம். அந்த ஆட்டத்தின் மொத்தக் கணக்குக்கு அக ஆற்றல் என்று பெயர். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது கடந்து போகும்போது மட்டுமே வெப்பம் என்று பெயர். போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெயர் உதிர்ந்துவிடும். அதனால் கட்டியில் வெப்பம் ‘இருக்கிறது’ என்று சொல்வதே தவறு.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் எல்லாமே சூடுதான். தேத்தண்ணியும் சூடு, காய்ச்சலும் சூடு. தமிழ்ப்பள்ளியில் அது வெப்பச் சக்தி ஆனது. இடைநிலைப்பள்ளிக்கு வந்தால் மலாயில் ஹாபா. இதில் வெப்பக் கொள்ளளவுக்கு முவாத்தான் ஹாபா என்று பெயர் வேறு. லாரியில் ஏற்றும் பாரம்போலக் காதில் விழும். பயிற்சி நூல்களோ, ‘பொருளில் அடங்கியுள்ள வெப்பம்’ என்று கூசாமல் எழுதின. இத்தனைக்கும் நடுவில் பதினேழு வயதுப் பிள்ளை, வெப்பம் என்பது குடத்துத் தண்ணீர் என்று நம்பாமல் வேறு என்ன செய்யும்?

எதிர்பார்த்தபடியே தாளுக்குத் தாள் குடம்தான் வந்தது. ‘சரி. கட்டியில் அதிக வெப்பம் அடங்கியுள்ளது.’ ‘சரி. கட்டி வெப்பத்தைச் சேமித்துள்ளது.’ மர்ஜானா சலிக்காமல் சுழியம் போட்டுக்கொண்டே வந்தாள்.

பிறகு காமினியின் தாள் வந்தது.

‘சரியில்லை. கட்டியில் இருப்பது வெப்பம் அல்ல. ஃபெர்ரியில் போய்க்கொண்டிருக்கும்வரைதான் ஒருவர் பயணி. கரை சேர்ந்து ஜெட்டியில் இறங்கிவிட்டால் ஆள் இருப்பார், பயணி இருக்கமாட்டார். வெப்பமும் அப்படித்தான்.’

மர்ஜானாவின் பேனா நின்றது. சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அந்த வார்த்தைகள் அவளுடையவை. பக்கத்திலிருந்த விடைத்திட்டத்தை, எல்லோரும் ஸ்கீமா என்று சொல்லும் அந்தத் தாளைப் புரட்டினாள். திருத்துபவருக்கான குறிப்பு என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள்: ‘வெப்பம் ஃபெர்ரிப் பயணி மாதிரி. இறங்கிய பிறகு ஆள் உண்டு, பயணி இல்லை. இந்தக் கருத்தில் எழுதினால் முழு மதிப்பெண்.’

ஃபெர்ரி, பயணி, ஆள். மூன்றும் அதே வரிசையில்.

காமினிக்கு அவள் பாடம் எடுத்ததில்லை. அந்த வகுப்பு சுகுமாரனுடையது. ஸ்கீமா அவளுடைய கணினியில் இருந்தது. சரிபார்க்க ஒரு பிரதி சுகுமாரனிடம் போயிருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

சுகுமாரன் அவளைவிடப் பத்து வயது இளையவன். வார இறுதிகளில் கடலுக்கு அக்கரையில், பெருநிலத்துப் பாகான் டாலாமில் டியூஷன் எடுப்பவன். எதிர் மேசையில் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, உன் கிளாஸ்ல காமினி எப்படி?”

“ஏன்கா, என்னா ஆச்சு?”

“சும்மா கேட்டேன்லா.”

“நல்லாப் படிக்கிற புள்ள. கொஞ்சம் வாயாடி. பாகான் டாலாம்ல இருந்து ஃபெர்ரில வருது.”

“உன் டியூஷனுக்கும் வராளா?”

“வரா… எல்லாருந்தானே வராங்க.” அவன் மடிக்கணினியை மூடினான். ஏன் மூடினான்?

“அந்த ஸ்கீமா காப்பி எங்க இருக்கு?”

“டிராயர்ல. பூட்டித்தான் வெச்சிருக்கேன்.”

“சாவி?”

“என்னாக்கா, போலீஸ் மாதிரி!” என்று சிரித்தான். “அடுத்து கைரேகை எடுப்பீங்க போல.”

சிரிப்பு சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. கேள்வித்தாள் கூட்டத்தில் இந்தக் கேள்வியே வேண்டாம் என்று சொன்னவனும் அவன்தான். அன்று அது வெறும் கருத்து வேறுபாடாகத் தெரிந்தது. இன்று அதற்கும் ஓர் உள்நோக்கம் முளைத்தது. அடுத்த இரண்டு நாட்களில் அவன் செய்ததெல்லாம் சாட்சியாகிக்கொண்டே வந்தது. படிக்கட்டு ஓரத்தில் நின்று கைப்பேசியில் தணிந்த குரலில் பேசினான். யாரோ ஒரு தாயார் கொண்டுவந்த டுரியான் பழப் பையை வாங்கித் தன் காடியின் பின்சீட்டில் வைத்தான். மர்ஜானா அறைக்குள் வந்தால், பேச்சை வேறு பக்கம் திருப்பினான். இல்லை, திருப்பியது மாதிரி இருந்தது.

அவள் துணைத் தலைமையாசிரியை நோர்மாவிடம் போனாள். நோர்மா தாளையும் ஸ்கீமாவையும் அருகருகே வைத்து, அந்த ஒரு பத்தியை மட்டும் படித்தார்.

“வார்த்தைக்கு வார்த்தை,” என்றார் மலாயில். “இந்தப் பெண்ணின் பெயர் உபகாரச் சம்பளப் பரிந்துரையில் இருக்கிறது. தெரியுமா?”

மர்ஜானாவுக்குத் தெரியும். பல்கலைக்கழக முன்தயாரிப்புப் படிப்புக்குப் பள்ளி சில பெயர்களை அனுப்பும். அதற்கு டிரையல் மதிப்பெண்தான் ஆதாரம்.

“தாள் கசிந்தது என்றால் அவளுக்கு இயற்பியலில் சுழியம். பெயரும் போகும். சுகுமாரன் விஷயம் அதைவிடப் பெரிது, கல்வி இலாகாவுக்குப் போகும். திங்கட்கிழமை அவளைக் கூப்பிடுவோம். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.” நோர்மா தாளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை காலை மர்ஜானா ஃபெர்ரி ஏறினாள். ஃபெர்ரி போய்ச் சேரும் பட்டர்வொர்த்தில் ஓர் உறவுக்காரரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். பொய் சொல்ல வேண்டி வந்ததே என்று சங்கடமாக இருந்தது; அந்தக் கோபமும் சுகுமாரன் தலையில்தான் விழுந்தது. பாகான் டாலாமில் அவன் டியூஷன் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே முடிவெட்டும் கடை. வெளிப்படிக்கட்டில் பாதி ஏறியதுமே அவன் குரல் கேட்டது. மர்ஜானா அங்கேயே நின்றாள். ஒட்டுக்கேட்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றாள்.

“டேய் ஹரீஷ், நீ இப்ப எங்க இருக்கே?”

“டியூஷன்லதான் சார்.”

“நீ பேசஞ்சரா?”

“இல்ல சார்.”

“நேத்து தீவுக்குப் போய் உன் மாமாவப் பார்த்துட்டு வந்தியே, அப்ப?”

“ஃபெர்ரில இருக்கும்போது பேசஞ்சர் சார். இறங்கிட்டா வெறும் ஹரீஷ்.”

“வெறும் ஹரீஷ் இல்லடா, வெட்டி ஹரீஷ்!” என்று ஒரு பெண்குரல் சொல்ல, மாடி முழுக்கச் சிரிப்பு.

“சரி சரி. ஹாபாவும் அவ்வளவுதான்.”

மர்ஜானா அடுத்த படியில் கால் வைத்தாள். அவளுடைய வாக்கியம். அவளுடைய ஃபெர்ரி. இவ்வளவு கூசாமலா?

அவள் படியேறி வாசலில் நின்றாள். சுகுமாரன் கையிலிருந்த மார்க்கர் பேனாவை மூடாமலே சட்டைப்பையில் போட்டான். நீலக்கறை பரவ ஆரம்பித்தது. பிள்ளைகளிடம் கணக்கு ஒன்றைப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

“அக்கா, நீங்க இங்க…”

“ஃபெர்ரி எப்ப இருந்து ஓடுது, தம்பி?”

அவன் தரையைப் பார்த்தான். “கேட்டுட்டீங்களா.”

“ஸ்கீமாவைப் பார்த்துட்டுப் பாடம் நடத்தறியா? அதுலயே டிரையல் எழுதவும் வெச்சியா?”

“ஸ்கீமாவா?” அவன் முகத்தில் உண்மையாகவே திகைப்பு வந்தது, அல்லது வந்ததுபோல இருந்தது. “அய்யய்யோ, இல்லக்கா! மார்ச் மாசம் கேண்டீன்ல நீங்க சொன்னீங்களே, மீ கோரேங் சாப்பிடறப்ப. நான்கூட கிண்டல் பண்ணேன்.”

அவளுக்கு நினைவு வந்தது. ‘ஃபெர்ரி, ஜெட்டியெல்லாம் எஸ்.பி.எம்.ல மார்க் வாங்காதுக்கா. கீவேர்ட்தான் வாங்கும்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருந்தான். அவள் அரைத்தட்டு மீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

“மறுநாள் கிளாஸ்ல எவனுக்கும் புரியல. எப்படிச் சொன்னாலும் ஹாபா உள்ள இருக்குன்றாங்க. வேற வழி தெரியாம உங்க ஃபெர்ரியை எடுத்து விட்டேன். பட்டுன்னு புரிஞ்சிடுச்சி.” கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி. அவ்ளோ சிரிச்சிட்டு, அதையே ஓட்டிக்கிட்டிருக்கேன்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப உன் கிளாஸ்ல காமினி மட்டும் ஏன் எழுதினா? மத்ததுங்க எல்லாம் பயிற்சி நூலை அப்படியே எழுதி வெச்சிருக்கே.”

“மத்ததுங்க பயப்படும்க்கா. கீவேர்ட் இல்லாம எழுதினா மார்க் போயிடும்னு நான்தானே பழக்கி வெச்சிருக்கேன். அவ எதுக்கும் பயப்படமாட்டா.”

பொருந்தித்தான் வந்தது. ஆனால் மாட்டிக்கொண்டவன் சொல்வதும் இப்படித்தானே பொருந்தும்? மார்ச்சிலேயே சொன்னானா, ஸ்கீமா கைக்கு வந்த பிறகு சொன்னானா? கேண்டீன் பேச்சை அவன் வசதியாக இப்போது பிடித்துக்கொண்டானா? பிள்ளைகளைக் கேட்டால் அவன் சொன்னதையே சொல்வார்கள். திரும்பும்போது ஃபெர்ரியின் மேல்தளத்தில் நின்று மர்ஜானா பாதி நம்பினாள்; தீவு நெருங்க நெருங்க அந்தப் பாதியும் கரைந்தது.

திங்கட்கிழமை காமினி நோர்மாவின் அறைக்குள் வந்தாள். ஒல்லியான பெண், பள்ளிப்பையைக் கழற்றாமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நோர்மா சுற்றி வளைக்காமல் மலாயில் கேட்டார்.

“இந்தப் பதிலை உனக்கு யார் கொடுத்தது?”

“யாரும் கொடுக்கல, சிகு,” என்று ஆசிரியைக்கான மலாய்ச் சொல்லோடு சொன்னாள் காமினி.

“ஃபெர்ரி உதாரணம் நீயாக யோசித்ததா?”

“இல்ல. சுகுமாரன் சார் வகுப்பில் சொன்னார்.”

“எப்போது?”

“முன்னாடியே.”

“முன்னாடி என்றால்?”

காமினி யோசித்தாள். “தேதி தெரியல, சிகு. நான் எழுதி வெக்கல. புரிஞ்சா எழுதி வெக்கமாட்டேன்.”

நோர்மா மர்ஜானாவைப் பார்த்த பார்வையில் ‘பார்த்தாயா’ என்று இருந்தது. ஸ்கீமாவைப் பார்த்த ஆசிரியர் சொன்னார், மாணவி எழுதினாள். இனி என்ன விசாரணை? பரிந்துரைப் பெயர்கள் இருந்த கோப்பை அவர் தன் பக்கம் இழுத்தார். அது நகர்ந்ததைக் காமினியும் பார்த்தாள். முதல் முறையாக அவள் முகத்தில் பயம் வந்தது.

“ஒரு நிமிஷம், புவான்,” என்று நோர்மாவை மரியாதையாகத் தடுத்தாள் மர்ஜானா. “தாளைக் கொஞ்சம் பார்க்கலாமா? நான் இதில் ‘அ’ மட்டும்தான் திருத்தினேன்.”

சொல்லும்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. ஒரு பதிலின் மயக்கம் அடுத்த பதிலில் ஏறக்கூடாது என்று பிரிவு பிரிவாகத் திருத்துகிறவள், ஒரே ஒரு பிரிவைப் படித்துவிட்டு ஒரு பிள்ளையையும் ஓர் ஆசிரியனையும் முழுசாகத் திருத்திவிட்டிருந்தாள்.

நோர்மா அலமாரியைத் திறந்து தாளைக் கொடுத்தார். ‘ஆ’ ஒரு கணக்கு, சரியாகப் போட்டிருந்தாள். ‘இ’ பிரிவின் கேள்வி: ‘கட்டியைத் தண்ணீரில் போட்டு இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு, அவற்றுக்கிடையே என்ன நடக்கும்?’ ஸ்கீமாவில் பதில் அதே பக்கத்தில், ஃபெர்ரிக் குறிப்புக்கு நேர் கீழே இருந்தது: இரு பக்கமும் ஆற்றல் போய்வரும், சம அளவில், ஆகவே நிகர வெப்பம் இல்லை.

காமினி எழுதியிருந்தாள்: ‘கட்டியிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரிலிருந்து கட்டிக்கும் திரும்பும், ஆனால் திரும்புவது கணக்கில் சேராது.’

மர்ஜானா இரண்டு முறை படித்தாள். “காமினி, இது என்னம்மா? திரும்பறது ஏன் கணக்குல சேராது?”

“ஃபெர்ரில அப்படித்தானே டீச்சர்?”

“எப்படித்தானே?”

“இந்தப் பக்கம் வர்றதுக்கு பட்டர்வொர்த் கேட்ல காசு கட்டறோம், மிஷின் எண்ணுது. சாயங்காலம் திரும்பிப் போறப்ப யாரும் காசு கேக்கறதில்ல. சும்மா ஏறிப் போயிடுவோம். அப்ப பேசஞ்சர்னு கணக்குல வர்றது ஒரு பக்கம்தானே?”

நோர்மாவிடமிருந்து ஒரு செருமல் வந்தது. அது அடக்கிய சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. காமினி தமிழில் சொன்னதை மர்ஜானா மலாயில் சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. தாளில் பதில் மலாயில்தான் இருந்தது; ‘பட்டர்வொர்த்’, ‘பேசஞ்சர்’ என்ற சொற்கள் மீதியைச் சொல்லிவிட்டன. பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊரிலிருந்து தினமும் பாலத்தில் வருகிறவர் நோர்மா. அங்கேயும் தீவுக்குள் வரத்தான் டோல் கட்டணம். தீவை விட்டுப் போக இல்லை. பினாங்கில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது மூச்சு விடுகிற மாதிரி. வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் இந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது.

“சரி, உன் கணக்குப்படியே பார்ப்போம்,” என்றாள் மர்ஜானா. நாற்காலியை அறியாமலே முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “வர்றவங்கள மட்டும் எண்ணறோம். போறவங்கள எண்ணல. வருஷக்கணக்கா இப்படியே போனா, மிஷின் கணக்குல தீவுல எத்தனை பேர் இருக்கணும்?”

காமினியின் கண்கள் மேலே போய் வந்தன. “ஐயோ டீச்சர்… தீவு முங்கிடும்.”

“முங்கியிருக்கா?”

“இல்ல. போறவங்க போறாங்க. காசு வாங்கலன்னாலும் போறாங்க.” நெற்றியில் கை வைத்தாள். “அப்ப என் பதில்ல தண்ணி சூடாகிக்கிட்டே போகும். கட்டி ஐஸ் ஆயிடும். சே!”

“அதேதான். ரெண்டு பக்கமும் எண்ணணும். எண்ணிக் கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்ல. அந்த மிச்சத்துக்குத்தான் வெப்பம்னு பேர்.” குற்றம் இருந்தால் அதில் பாதி தன்னுடைய உதாரணத்தில்தான் இருக்கிறது என்று மர்ஜானா நினைத்தாள். கட்டணம் இருக்கிற ஒன்றை உவமையாக எடுத்தது அவள்தானே.

அவள் ஸ்கீமாவை நோர்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள். “புவான், இந்தப் பக்கம் அவள் கையிலோ, சொல்லிக்கொடுத்தவர் கையிலோ இருந்திருந்தால், ‘அ’வைப் படித்தவர்கள் கீழே இருக்கிற ‘இ’யைப் படிக்காமல் விட்டிருப்பார்களா? அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.”

நோர்மா இரண்டையும் வரிவரியாகப் பார்த்தார். இந்த முறை முழுப்பக்கத்தையும். பிறகு கோப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். “பெயர் இருக்கட்டும். ஆனால் ‘இ’க்கு மதிப்பெண் கிடையாது.”

“கிடையாது,” என்றாள் மர்ஜானா. சிவப்புப் பேனாவை எடுத்து ‘அ’வுக்கு முழு மதிப்பெண்ணும் ‘இ’க்குச் சுழியமும் போட்டாள்.

காமினி எழுந்திருக்கவில்லை. “டீச்சர், நான் பார்த்து எழுதினேன்னு நெனச்சீங்களா?”

“ஆமா.”

“சுகுமாரன் சாரையும்?”

“அவரையும்.”

காமினி தலையை ஆட்டினாள். கோபம்கூட இல்லை, கணக்கில் விடை கண்டுபிடித்த முகம்தான் அது. “என் கிளாஸ்ல எல்லாரும் ‘வெப்பம் அடங்கியுள்ளது’ன்னுதான் எழுதினாங்க. அவங்க யாரையும் கூப்பிடல.”

“அவங்களுக்கெல்லாம் சுழியம், காமினி.”

“சுழியந்தான். ஆனா யாரும் சந்தேகப்படலயே.” பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். “எஸ்.பி.எம்.ல நானும் பயிற்சி நூல்ல இருக்கறதையே எழுதிடறேன் டீச்சர். அங்க திருத்தறவங்க என்னைக் கூப்பிட்டு இப்படிக் கேக்கமாட்டாங்கல்ல. நேராச் சுழியம் போட்டுடுவாங்க.”

“நல்ல முடிவு,” என்றார் நோர்மா, காமினி அதை மலாயில் திருப்பிச் சொன்னதும். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

மர்ஜானா எழுந்து கதவுவரை போனாள். அப்படி எழுதாதே, உன் வார்த்தையிலேயே எழுது, எதிரே இருப்பவருக்குப் புரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். புரியுமா? அந்தத் தாளைத் திருத்தப்போகிறவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவர் ‘அ’வை மட்டும் பார்த்துவிட்டு என்ன நினைப்பார் என்றும் தெரியாது. அவளே என்ன நினைத்தாள்?

“மத்தியானம் என் கிளாஸுக்கு வா,” என்றாள் கடைசியில். “சுகுமாரன் சாரையும் கூப்பிடறேன். உன் வார்த்தையிலயும் கீவேர்ட் வெச்சும், ரெண்டு மாதிரியும் எழுதிப் பார்ப்போம்.”

காமினி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

“பார்க்கிறேன் டீச்சர்,” என்று சொல்லிவிட்டு நடைவழியில் இறங்கிப் போனாள்.